வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்தால்: தவறு யாருடையது என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

ரிட்டர்ன் போடும் சீசன் முடிந்து ஓரிரு மாதம் ஆனால் போதும், என் மேசைக்கு வரும் காகிதங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆசிரியர், ஓய்வூதியர், கூட்டுறவு வங்கி ஊழியர் என ஆள் மாறுவார், கதை மாறாது. பெங்களூரில் இருக்கும் வருமான வரித் துறையின் மையச் செயலாக்க அலுவலகம், சிபிசி என்பார்கள், அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். "நீங்கள் இவ்வளவு கட்ட வேண்டும்" என்று ஒரு தொகை. நிறைய பேர் பயந்துபோய் அன்றே கட்டிவிடுகிறார்கள். கட்டியதைத் திரும்ப வாங்குவது, கட்டாமல் வாதாடுவதைவிடக் கடினம்.

சிபிசியில் உங்கள் ரிட்டர்னை மனிதர் யாரும் படிப்பதில்லை. நீங்கள் சொன்ன எண்ணையும் துறையிடம் இருக்கும் எண்ணையும் கணினி ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். துறையிடம் இருக்கும் எண் தவறென்றால் நோட்டீஸும் தவறாகத்தான் வரும். அந்த எண்ணைத் தவறாகக் கொடுத்தது யார் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் போய்ச் சரிசெய்ய வேண்டும். மற்ற இடத்தில் எத்தனை மனு போட்டாலும் வீண்.

கீழே நான் சொல்லும் பிரிவு எண்கள் 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறை என்றாலும், 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

எந்த நோட்டீஸாக இருந்தாலும் முதலில் இது

வந்தது உண்மையான நோட்டீஸா என்று பாருங்கள். 2019 அக்டோபர் முதல் துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் 'டின்' எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். துறையின் இணையதளமான போர்ட்டலின் முகப்புப் பக்கத்திலேயே, லாகின் செய்யாமல், அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். மின்னஞ்சலில் உள்ள லிங்கைத் தொடாதீர்கள். போர்ட்டல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். உண்மையான நோட்டீஸ் என்றால் உங்கள் கணக்கிலும் இருக்கும்.

பிடிஎஃப் திறக்கவில்லை என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பான் எண்ணைச் சிறிய எழுத்திலும், அதை ஒட்டியே பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என எட்டு இலக்கத்திலும் போட்டால் திறக்கும்.

திறந்ததும் பிரிவு எண்ணைப் பாருங்கள். 143(1), 245, 139(9) என்று இருந்தால் இந்தக் கட்டுரை போதும். 143(2), 142(1), 148 என்று இருந்தால் இது கணினி ஒப்பீடு இல்லை; ஒரு அதிகாரி உங்கள் கணக்கைக் கையில் எடுத்திருக்கிறார். நேராக ஆடிட்டரிடம் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. போர்ட்டலில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' பக்கத்தில் 'டிமாண்ட் இஸ் கரெக்ட்' (கேட்கும் பாக்கி சரி) என்ற தேர்வு இருக்கும். உறுதியாகத் தெரியும் வரை அதைத் தொடாதீர்கள். ஒருமுறை ஒப்புக்கொண்டால், பிறகு அதே பக்கத்தில் மறுக்க முடியாது.

அறிகுறி 1: வரி பிடித்தார்கள், ஆனால் பிடித்ததாகக் கணக்கில் இல்லை

வரும் நோட்டீஸ்களில் பெரும் பங்கு இதுதான். ரிட்டர்னைச் செயலாக்கிய பின் வரும் 143(1) அறிவிப்பில் இரண்டு பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: நீங்கள் கொடுத்தது, அவர்கள் கணக்கிட்டது. வருமானம், கழிவு, வரி என எல்லா வரிசையிலும் இரண்டும் ஒன்றாக இருந்து, டிடிஎஸ் (சம்பளம் போன்றவற்றில் முன்கூட்டியே பிடித்த வரி) வரிசையில் மட்டும் மாறினால் உங்கள் வழக்கு இது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உதவிபெறும் பள்ளி ஆசிரியை ஒருவர். அவர் காட்டிய டிடிஎஸ் 48,200 ரூபாய். அவர்கள் ஏற்றது 36,150. வித்தியாசம் 12,050. 48,200-ஐ நான்கால் வகுத்தால் அதே 12,050. அதாவது நான்கு காலாண்டில் ஒன்று காணவில்லை. பாக்கி பத்தாயிரத்தைத் தாண்டியதால் முன்கூட்டி வரி கட்டாததற்கான 234பி, 234சி வட்டியும் ஏறி, டிமாண்ட் 12,050-ஐவிடக் கூடுதலாக வரும். தொகை ஏன் இப்படி ஒட்டாமல் இருக்கிறது என்று குழம்ப வேண்டாம். வட்டியைக் கழித்துப் பாருங்கள்.

*செலவில்லாத சோதனை:* உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் போர்ட்டலிலிருந்து இறக்குங்கள். டிடிஎஸ் முழுவதும் அதில் இருக்கிறதா? இருக்கிறதென்றால், ரிட்டர்னில் வரி பிடித்தவரின் டான் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கலாம், அல்லது நீங்கள் ரிட்டர்ன் போட்ட பிறகு 26ஏஎஸ் திருத்தப்பட்டிருக்கலாம். முதல் வகைக்கு 'டாக்ஸ் கிரெடிட் மிஸ்மேட்ச்' என்றும், இரண்டாவதுக்கு 'ரீப்ராசஸ்' என்றும் திருத்த விண்ணப்பம் போட்டால் முடிந்தது. இது 154-வது பிரிவுத் திருத்தம், கட்டணம் கிடையாது.

*26ஏஎஸ்-ல் இல்லை என்றால்:* தவறு பிடித்தவரிடம். இதில் அரசு சம்பளக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கருவூலம் வழியாக வரி பிடிக்கும்போது பணம் வங்கிச் சலானில் போவதில்லை, புத்தகச் சரிக்கட்டலாகப் போகிறது. கருவூலம் 24ஜி என்ற அறிக்கையைத் தர வேண்டும். அதிலிருந்து பிஐஎன் என்ற எண் பிறக்கும். அந்த எண்ணைப் போட்டு, சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர் 24கியூ காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளப் பட்டியல் தமிழக அரசின் சம்பள மென்பொருளான களஞ்சியம் வழியே கச்சிதமாகப் போய்விடும். ஆனால் 24கியூ தானாகப் போகாது. அதை யாராவது உட்கார்ந்து போட வேண்டும். தலைமை ஆசிரியர் மாறும் ஆண்டு, எழுத்தர் ஓய்வு பெறும் ஆண்டு, இப்படிப்பட்ட வருஷங்களில் மார்ச் காலாண்டு விட்டுப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

26ஏஎஸ்-ல் பதிவு இருந்தால் அதற்கு எதிரே நிலை எழுத்து ஒன்று இருக்கும். 'எஃப்' என்றால் முடிந்த கணக்கு. 'யு' என்றால் பிடித்ததாகச் சொன்னார்கள், பணம் பொருந்தவில்லை. 'பி' என்பது அரசு அலுவலகங்களுக்கு மட்டும் வருவது: தற்காலிகம், இன்னும் சரிபார்க்கவில்லை. 'யு' அல்லது 'பி' இருந்தால் அலுவலகத்தில் போய், "24கியூ போட்டீர்களா?" என்று கேட்காதீர்கள். "போட்டாச்சு" என்றுதான் பதில் வரும். "இந்தக் காலாண்டில் பிஐஎன் பொருந்தவில்லை, திருத்த அறிக்கை போட வேண்டும்" என்று எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அலுவலகம் தரும் வரிப் பிடித்தச் சான்றான ஃபாரம் 16-ஐயும் ஒரு பார்வை பாருங்கள். அதன் முதல் பகுதி துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து இறக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அலுவலகத்திலேயே வேர்டில் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் என்றால், சிக்கல் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

*அலுவலகம் அசையவில்லை என்றால், அல்லது நிறுவனமே மூடப்பட்டுவிட்டது என்றால்:* உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. 205-வது பிரிவின்படி, உங்கள் சம்பளத்தில் வரி பிடித்துவிட்டால் அந்தத் தொகையை மறுபடி உங்களிடம் கேட்க முடியாது. பிடித்தவர் கட்டாவிட்டாலும் அவரைத்தான் துரத்த வேண்டும். இப்படிப்பட்டவர்களிடம் கட்டாய வசூல் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூனிலும் 2016 மார்ச்சிலும் தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. சம்பளச் சீட்டுகள், வங்கிப் புத்தகத்தில் நிகர சம்பளம் வரவான பக்கங்கள், ஃபாரம் 16 ஆகியவற்றோடு உங்கள் மதிப்பீட்டு அதிகாரிக்கு மனு கொடுங்கள். அவர் யார் என்பதை பான் எண்ணைப் போட்டு போர்ட்டலிலேயே பார்க்கலாம். இந்த வகை மனு சிபிசியில் தீராது. அங்கே கணினிக்கு 205-வது பிரிவு தெரியாது.

அறிகுறி 2: நானே கட்டிய வரி காணவில்லை

இது எளிது. காரணம் பெரும்பாலும் ஒரு இலக்கம். ரிட்டர்னில் போட்ட வங்கிக் கிளையின் ஏழு இலக்க பிஎஸ்ஆர் எண், தேதி, ஐந்து இலக்கச் சலான் எண், மூன்றையும் சலானோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் திருத்த விண்ணப்பம்.

மூன்றும் சரியென்றால் சலானில் மதிப்பீட்டு ஆண்டைப் பாருங்கள். 2024-25-ல் சம்பாதித்ததற்கு 2025-26 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நிதியாண்டை நினைத்துக்கொண்டு முந்தையதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பணம் வேறு ஆண்டுப் பெட்டியில் கிடக்கும். போர்ட்டலில் சலான் திருத்த வசதி இருக்கிறது. ஆண்டை மாற்ற 7 நாள், வரித் தலைப்புகளை மாற்ற 30 நாள். அதற்குப் பிறகு என்றால் மதிப்பீட்டு அதிகாரிக்கு விண்ணப்பம். சலான் நகல் இருந்தால் மறுக்க மாட்டார்கள், தாமதம்தான்.

அறிகுறி 3: கேட்ட கழிவையோ நிவாரணத்தையோ வெட்டிவிட்டார்கள்

இறுதி அறிவிப்புக்கு முன்பே, "இப்படி மாற்றப் போகிறோம்" என்று 143(1)(ஏ) முன்னறிவிப்பு வரும். பதிலளிக்க 30 நாள். இதைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் பிறகு டிமாண்டோடு வருகிறார்கள். ஆகவே ரிட்டர்ன் போட்ட பிறகும் வாரம் ஒருமுறை மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

*நிலுவைச் சம்பளம் வாங்கியவர்கள்:* பழைய ஆண்டுகளின் ஊதிய நிலுவை மொத்தமாக வந்து 89-வது பிரிவு நிவாரணம் கேட்டிருந்தால், 10இ படிவத்தைத் தனியாக ஆன்லைனில் போட்டீர்களா? அலுவலகம் ஃபாரம் 16-ல் நிவாரணத்தைக் காட்டியிருந்தாலும் 10இ நீங்கள்தான் போட வேண்டும். போடவில்லை என்றால் இது துறையின் தவறு இல்லை. இப்போது போட்டுவிட்டுத் திருத்தம் கேட்டுப் பாருங்கள். பலருக்குக் கிடைத்திருக்கிறது, உறுதி சொல்ல மாட்டேன். ரிட்டர்னுக்கு முன்பே 10இ போட்டும் வெட்டியிருந்தால் ஒப்புகை எண்ணோடு திருத்த விண்ணப்பம் போடுங்கள், வரும்.

*87ஏ தள்ளுபடி (குறைந்த வருமானக்காரர்களுக்கான வரித் தள்ளுபடி) வெட்டப்பட்டவர்கள்:* 2023-24 நிதியாண்டில் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தும், அதில் பங்கு விற்ற குறுகிய கால லாபம் சேர்ந்திருந்தவர்கள் இதில் மாட்டினார்கள். 2024 ஜூலை 5-ம் தேதி துறை தன் மென்பொருளை மாற்றியது. அதற்கு முன் அதே வருமானத்துக்குத் தள்ளுபடி கணக்கிட்ட அதே படிவம், அதற்குப் பின் தர மறுத்தது. கோரிக்கை வைக்கவே முடியாதபடி மென்பொருளில் வழியடைப்பது சரியில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. தள்ளுபடி உண்டா இல்லையா என்பது வேறு கேள்வி, அது இன்னொரு சண்டை. முதலில் தள்ளுபடி கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பக் கேட்ட வழக்குகளில், 2025 டிசம்பர் 31-க்குள் பாக்கியைக் கட்டினால் தாமத வட்டி இல்லை என்று வாரியம் 2025 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. 2025-26 நிதியாண்டு முதல் பங்கு லாபம் போன்ற சிறப்பு விகித வருமானத்துக்குத் தள்ளுபடி இல்லை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், அதனால் புதிதாக யாரும் இதில் சண்டை போட முடியாது. பழைய ஆண்டுக்குப் போராட வேண்டுமென்றால் மேல்முறையீடுதான். தொகை சில ஆயிரம் என்றால் செலவு மிஞ்சும்.

அறிகுறி 4: ரீஃபண்டை ஏதோ பழைய பாக்கியில் கழித்துக்கொள்கிறோம் என்கிறார்கள்

245-வது பிரிவு. எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு டிமாண்ட் திடீரென்று முளைக்கும். காரணம் தெரிந்தால் கோபம் இன்னும் கூடும். சிபிசி வருவதற்கு முன் பாக்கிக் கணக்குகள் அந்தந்த அதிகாரியின் பதிவேட்டில் இருந்தன. பிறகு அவற்றைக் கணினியில் ஏற்றினார்கள். கட்டி முடித்தவை, திருத்தத்தில் நீக்கப்பட்டவை, ஆளுக்கே தெரிவிக்கப்படாதவை எல்லாம் சேர்ந்து ஏறிவிட்டன. இது பெரிய பிரச்சினையாகி டெல்லி உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து, 2013-ல் துறைக்கு வழிமுறைகள் வகுத்தது. முன்கூட்டியே தெரிவித்து, பதிலைக் கேட்ட பிறகுதான் ரீஃபண்டில் கழிக்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது.

*முதல் வேலை, தேதி:* பதிலளிக்கப் பொதுவாக 21 நாள் தருகிறார்கள். மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும்.

*இரண்டாவது, பாக்கி இன்னும் உயிரோடு இருக்கிறதா?* 2024 இடைக்கால பட்ஜெட்டில் சிறு பழைய பாக்கிகளைத் தள்ளுபடி செய்தார்கள். 2009-10 நிதியாண்டு வரையுள்ளவற்றில் 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரையுள்ளவற்றில் 10,000 வரையும் நீங்கும். ஒருவருக்கு மொத்த உச்சவரம்பு ஒரு லட்சம். உங்கள் பாக்கி அந்த எல்லைக்குள் இருந்தும் கழிக்கப் பார்க்கிறார்கள் என்றால், டிமாண்ட் பக்கத்தில் அதன் நிலையைப் பார்த்து, தள்ளுபடியைச் சுட்டி மறுத்துப் பதில் போடுங்கள்.

*மூன்றாவது, காகிதம் தேடுங்கள்:* சலான், பழைய திருத்த உத்தரவு, அந்த ஆண்டு ஃபாரம் 16. இருந்தால் 'டிஸக்ரீ' தேர்ந்தெடுத்து, காரணத்தோடு இணைத்துவிடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் மதிப்பீட்டு அதிகாரியிடம் அந்த உத்தரவின் நகலையும், அது உங்களுக்கு அனுப்பப்பட்டதற்கான சான்றையும் கேட்டு மனு கொடுங்கள். பல அலுவலகங்களில் அந்தக் கோப்பே கிடைக்காது. கோப்பு இல்லாத டிமாண்டைக் காப்பாற்றுவது அவர்களுக்குச் சிரமம்.

ஏற்கெனவே கழித்துவிட்டார்கள் என்றாலும் விடாதீர்கள். பாக்கி தவறு என்று நிரூபணமானால் பணம் திரும்பும். 244ஏ பிரிவில் மாதம் அரை சதவீத வட்டியும் கேட்கலாம்.

அறிகுறி 5: ரிட்டர்ன் குறைபாடு உடையது என்கிறார்கள்

139(9), 15 நாள் கெடு. போர்ட்டலில் கால நீட்டிப்பு கேட்கலாம். விட்டுவிட்டால் ரிட்டர்னே போடாததாகக் கருத வாய்ப்பு உண்டு. அதனால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அவசரம். அடிக்கடி வருவது: 26ஏஎஸ்-ல் காட்டிய வரவைவிட நீங்கள் காட்டிய வருமானம் குறைவு. முகவர்கள், லாரி வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். கையில் நிற்பது கமிஷன் மட்டும், டிடிஎஸ் பிடித்ததோ முழுத் தொகைக்கும். கணக்கு நேர்மையாக இருந்தால் விளக்கத்தோடு மறுக்கலாம். ஆனால் வியாபார வருமானம் என்றால் இந்த இடத்தில் ஆடிட்டரைப் பார்ப்பதே மேல்.

அறிகுறி 6: எனக்கு வராத வருமானம் என் பெயரில்

உங்களைப் பற்றி வங்கி முதலியவை துறைக்குத் தந்த தகவல்களின் தொகுப்பான ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்தால் அம்மாவோடு கூட்டாக வைத்த வைப்பு நிதியின் வட்டி முழுக்க உங்கள் பெயரில் இருக்கும். அண்ணன் தம்பி மூவர் சேர்ந்து விற்ற மனையின் முழு விலை ஒருவர் பெயரில் இருக்கும். வங்கியும் பதிவு அலுவலகமும் முதல் பெயரின் பான் எண்ணில் அனுப்பிவிடுகின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் கருத்துச் சொல்லும் வசதி உண்டு: வேறு பான், வேறு ஆண்டு, இருமுறை வந்தது, முழுவதும் சரியில்லை என்று. அதைப் பதிவு செய்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் விற்ற தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம். அங்கே தெரிவது விற்பனைத் தொகை, லாபம் இல்லை.

சம்பந்தமே இல்லாத ஊரில் சம்பளம் வாங்கியதாகவோ நிறுவனம் நடத்துவதாகவோ இருந்தால் அது வேறு விஷயம். உங்கள் பானை யாரோ பயன்படுத்துகிறார்கள். மறுப்பைப் பதிவு செய்த கையோடு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

அறிகுறி 7: திருத்தம் கேட்டேன், அதே தொகை திரும்ப வந்தது

மூலத் தகவல் மாறாமல் 'ரீப்ராசஸ்' அழுத்தினால் கணினி அதே விடையைத்தான் தரும். இதை மூன்று நான்கு முறை செய்துவிட்டு "துறையில் யாரும் கேட்கவில்லை" என்று வருபவர்கள் அதிகம். முதலில் 26ஏஎஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தும் அதே பதில் என்றால் போர்ட்டலில் குறைதீர் பிரிவில் புகார், பிறகு மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளம். பின்னதில் போட்ட புகாருக்கு அதிகாரிகள் பதில் எழுதியே ஆக வேண்டியிருப்பதால் கொஞ்சம் வேகம் தெரியும். திருத்த அதிகாரம் மதிப்பீட்டு அதிகாரிக்கு மாற்றப்பட்டிருந்தால் போர்ட்டலே சொல்லும். அப்போது சிபிசியில் போடாமல் அவருக்குப் போட வேண்டும்.

திருத்தம் கேட்க, உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை நேரமுண்டு. மனு பெற்ற மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் டிமாண்ட் வந்து 30 நாள் கழிந்தால் மாதம் ஒரு சதவீத வட்டி ஓடும். ஆகவே திருத்தம் கேட்ட அன்றே டிமாண்ட் பக்கத்தில் மறுப்பையும் பதிவு செய்துவிடுங்கள். இரண்டும் தனித்தனி வேலை. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது.

ஆடிட்டரைக் கூப்பிட வேண்டிய கட்டம்

பிரிவின் பொருளிலேயே கருத்து வேறுபாடு என்றால் திருத்தம் செல்லாது. ஃபாரம் 35-ல் மேல்முறையீடு செய்ய வேண்டும், கெடு 30 நாள். கட்டணம் பெரிதில்லை, வருமானத்தைப் பொறுத்து 250 முதல் 1,000 ரூபாய். ஆனால் காரணங்களை எழுதும் விதத்தில்தான் வழக்கு நிற்கும், அதனால் இதை நீங்களே எழுதாதீர்கள். இறந்தவர் பெயரில் வந்த நோட்டீஸ், லட்சக்கணக்கில் டிமாண்ட், வங்கிக் கணக்கு முடக்கம் ஆகியவற்றுக்கும் அப்படியே. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது வசூலை நிறுத்திவைக்க, வழக்கமாக டிமாண்டில் 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். தவறு பளிச்சென்று தெரிந்தால் அதையும் குறைக்கக் கேட்கலாம்.

ஆடிட்டரிடம் போகும்போது அறிவிப்பின் பிடிஎஃப், அன்று இறக்கிய 26ஏஎஸ், ஏஐஎஸ், சமர்ப்பித்த ரிட்டர்ன், போர்ட்டலில் ஏற்கெனவே போட்ட பதில்களின் ரசீது, இவ்வளவும் கையில் இருக்கட்டும். டிமாண்ட் பக்கத்தில் எதை அழுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.